பார்சல் தராசில் ஒரு ஓட்டுநர்

டிப்போவில் அவருக்கு 'டபுள்' என்று பெயர். இருவர் உட்காரும் இருக்கையை ஒற்றை ஆளாக நிரப்பிவிடுவார். இன்சுலின் ஊசி போட ஆரம்பித்ததும் நெடுந்தூரப் பேருந்தைப் பிடுங்கிக்கொண்டு டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். ஊசி நின்றால்தான் மறுபடி ஸ்டியரிங். அதற்காகவே இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்தார்.

திரும்பி வந்ததும் டிப்போவில் ஒரு புது வழக்கம் தொடங்கியது. திங்கள்தோறும் அவரைப் பார்சல் தராசில் ஏற்றி, எடையை ஊருக்கே கேட்கும்படி வாசிப்பார்கள். வாசிப்பவன் மெக்கானிக், டபுளின் மனைவிக்குத் தம்பி. முதலில் மளமளவென்று இறங்கிய முள், பிறகு ஒரே இடத்தில் அடம்பிடித்து நின்றது.

“மாமா, தராசு ரிப்பேரா, நீங்க ரிப்பேரா?”

டபுளும் சேர்ந்து சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்ததும், மறுநாள் மருத்துவமனைக்கு வரமாட்டேன் என்றார். வயிற்றை வெட்டிக்கொண்டதுதான் மிச்சம், கவுண்டரிலேயே காலம் தள்ள வேண்டியதுதான் என்று புலம்பினார். மனைவி தம்பியை போனில் பிடித்து ஒரு வாங்கு வாங்கிவிட்டு, கணவரை இழுக்காத குறையாக அழைத்துப் போனாள்.

மருத்துவர் எடையைப் பற்றிக் கேட்கவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, காலையில் விரல்களை மடக்க முடிகிறதா என்றார். அப்போதுதான் டபுளுக்கே உறைத்தது. காலைதோறும் விரல்களில் இருந்த வீக்கம் எப்போது போனதென்று தெரியவில்லை.

“உடம்புக்குள்ள ஒரு தணல் கனிஞ்சுக்கிட்டே இருந்துச்சுங்க. அழற்சின்னு சொல்வோம். அது இருந்தா இன்சுலின் ஒழுங்கா வேலை செய்யாது. இப்ப பாதிக்கு மேல அடங்கியிருக்கு. எடை நடுவுல நின்னு நின்னுதான் இறங்கும். சர்க்கரை அதுக்காகக் காத்திருக்கல, முன்னாடியே இறங்கிடுச்சு. ஊசிய நிறுத்திடலாம்.”

“அப்போ வண்டி?” என்றார் டபுள்.

சில வாரம் சர்க்கரை இப்படியே நின்றால் தானே சான்று எழுதித் தருவதாக மருத்துவர் சொன்னார். நின்றது. தந்தார்.

முதல் நாள் பேருந்து தாமதமாகத்தான் கிளம்பியது. அவர் காலத்தில் கடைசி வரை பின்னுக்குத் தள்ளிய ஓட்டுநர் இருக்கை, துருவேறி அங்கேயே இறுகிப்போயிருந்தது. பிறகு வந்தவர்கள் முதுகுக்குத் தலையணை வைத்தே ஓட்டியிருக்கிறார்கள். மெக்கானிக் மச்சான் கீழே குனிந்து சுத்தியலால் தட்ட, பயணிகள் முணுமுணுக்க, இருக்கை ஒரு முனகலோடு முன்னுக்கு வந்தது.

“இப்ப கால் எட்டுதா மாமா?”

பதிலுக்கு ஹாரன் அடித்தார்.