கப்புச்சினுக்கு அர்த்தம்

"குரங்குனு நான் சொல்லல மாப்ள, போன் சொல்லுது..."

"மாமா, அது வேற, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"கப்புச்சின்னு அடிச்சேன். வரிசையா குரங்கு. ஒன்னு ஒன்னைய மாதிரியே சம்மணம் போட்டு ஒக்காந்திருக்கு. அக்கா, இந்தா பாரு."

றோலண்ட் போனை அக்கா செபமாலையின் முகத்துக்கு நேரே நீட்டினான். அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாளே தவிர நிமிரவில்லை. அவள் மகன் றொக்சன், தேயிலைத் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயக் காம்பராவின் நடுவில், கப்புச்சின் சபையின் தவிட்டு நிற அங்கியோடு நின்றான். அடுத்த சனிக்கிழமை அவன் துறவியாக முதல் வார்த்தைப்பாடு கொடுக்கிறான். அம்மாவை அழைத்துப்போக வந்திருந்தான்.

"இத்தாலியில இந்த முக்காட்டுக்குக் கப்புச்சோனு பேரு மாமா. இதப் போட்டுட்டுப் போன சாமிமாரத் தெருப் பிள்ளைங்க கேலியா அப்பிடிக் கூப்பிட்டாங்களாம். அதுவே சபைக்குப் பேராயிருச்சு. பெறகு கப்பல்ல போனவங்க, தலையில மட்டும் கறுப்பா முடி வச்ச குரங்கப் பாத்து, நம்ம சாமியார் மாதிரி இருக்கேனு அதுக்கும் வச்சிட்டாங்க. பேரு முதல்ல எங்களது. குரங்கு பிந்தித்தான்."

"ஒங்களுக்கு வச்சதும் கேலிக்கு. குரங்குக்கு வச்சதும் கேலிக்கு. இதப் படிக்கவா நாலு வருசம்?"

"முக்காடுனா எப்பிடி?" என்றாள் செபமாலை.

"நம்ம கொங்காணி மாதிரிதாம்மா."

மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முப்பத்தெட்டு வருசம் கொழுந்து பறித்தவள் அவள். போன மாசந்தான் வயசாச்சென்று தோட்டத்து வேலைப் பட்டியலில் அவள் பேரை வெட்டினார்கள்.

"நான் கொங்காணி போட்டு நடந்தப்ப ஒருத்தரும் சாமிமாருக்குச் சொல்ற மாதிரி எனக்குத் தோத்திரம் சொல்லலையே."

றொக்சன் சிரிக்கப் பார்த்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. மூலையில் அவன் தங்கை ஜெரோமி உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு மூன்று மாசம் இருந்தது. படிப்பது போலத்தான் இருந்தாள். பக்கம் திருப்பி வெகு நேரமாகிவிட்டது.

"பேரோட கத போதும்," றோலண்ட் போனை மடியில் வைத்தான். "வேலைக்கு ஆள் பதியிற கண்டாக்கு ஐயா சொல்லிட்டாரு. வேலைக்கு ஆள் இல்லாத குடும்பத்துக்குக் காம்பரா இல்ல. திங்கக்கிழமை காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு இந்த வீட்டுலேர்ந்து ஒரு ஆள் போய் நின்னு பேரு பதியணும். நான் வேற குடும்பக் கணக்கு, என்னைய இந்தக் காம்பராவுக்குப் பதிய மாட்டாங்க. ஒங்கப்பனும் இல்ல. நீதான் ஆம்பள."

"எங்க சபையில ஒருத்தருக்கும் சொந்த வீடு இருக்கக் கூடாது மாமா. ஆண்டவர் பாத்துக்குவாரு."

"ஒனக்கு இருக்கக் கூடாது. ஒங்கம்மாவுக்குமா? மலையில இருக்கிற குரங்கு சவ்சவ்வத்தான் தூக்கிட்டுப் போகும். இந்தக் குரங்கு வீட்டையே தூக்குது."

"அவன அப்பிடிச் சொல்லாத தம்பி," என்றாள் செபமாலை. "சாமிக்குக் குடுத்த புள்ள."

"அப்ப யாரு நிக்கிறது? நீயா? ஒன் முட்டிய வச்சுக்கிட்டா?"

றொக்சன் அங்கியின் கயிற்று முடிச்சை விரலால் நெருடிக்கொண்டிருந்தான். பிறகு, பூசையில் வாசகம் வாசிக்கிற குரலில், மெதுவாகச் சொன்னான்:

"தங்கச்சி இருக்குதானேம்மா. பதினெட்டு ஆயிருச்சு. ஒறுத்தலா, ஒரு தவமா நெனச்சுச் செஞ்சா கொழுந்து எடுக்கிறதும் செபந்தான்."

ஜெரோமி தலை தூக்கினாள்.

"அம்மா, பரீட்சைம்மா. டீச்சர் மூணு பாடமும் பாஸாகும்னு..."

"டீச்சரா வந்து காம்பரா குடுப்பா?" செபமாலை ரொட்டியைத் தட்டில் போட்டு, முதல் ரொட்டியை மகனுக்கு நீட்டினாள். "சாமியே சொல்லிருச்சு. இன்னைக்கே கூடைக் கயித்த நெத்தியில போட்டுப் பழகு. மொத நாள் தல சுத்தும். பெறகு ஒன்னும் தெரியாது."

"அக்கா, புள்ள படிக்கிறா..." என்று தொடங்கிய றோலண்ட் பாதியில் விட்டான். காம்பரா கையைவிட்டுப் போகாது என்பது அவனுக்கு விளங்கிவிட்டது. பின்பக்கத்து அறையில் அவன் சாமான்களும் இருந்தன. "சரி, பொம்பளப் புள்ள பேருனா கண்டாக்கு ஐயா உடனே பதிவாரு," என்று ரொட்டிக்குக் கை நீட்டினான்.

றொக்சன் ரொட்டியின் மேல் சிலுவை வரைந்து பிட்டான்.

ஜெரோமி புத்தகத்தை மூடவில்லை. அழவும் இல்லை.

"அண்ணே, மூணே மாசம் வார்த்தைப்பாட்டத் தள்ளி வைக்க முடியுமானு ஒங்க சபையில ஒரு வார்த்த கேட்டுப் பாத்தியா?"