தறிகள் நின்ற இரண்டு நாட்கள்

2006 ஆடிக் கிருத்திகையன்று எங்கள் தெருவில் ஒரு விசைத்தறிகூட ஓடவில்லை. எல்லோரும் காவடியோடு திருத்தணி மலைக்குப் போயிருந்தார்கள்.

"சத்தமே இல்ல. இன்னிக்கே ஓட்டிப் பாத்துடலாம் கிரேசு" என்றார் என் கணவர் ஜெரால்ட்.

அவர் இதயம் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு சிஎன்சி மெஷினைக் கட்டி, பித்தளையில் பெயர்ப்பலகை வெட்ட எனக்குப் பழக்கிவிட வேண்டும் என்று துடித்தார். பழைய சர்வோ மோட்டார் மூன்று கிடைத்தன. அவற்றை இயக்கும் டிரைவர் போர்டுகளைத் தேடவே நான்கு மாதம் போயிற்று. அந்த டிரைவர் எண்பது வோல்ட் வரைதான் தாங்கும். பவர் சப்ளைக்கு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றியது நான். ஒரு வாரம் மீட்டர் வைத்து அளந்திருந்தேன்.

"எத்தினி காட்டுது?"

"எழுபத்திரெண்டுங்க. தெனமும் அதேதான்."

அன்று அளக்காமலே சொன்னேன். சுவிட்சைப் போட்டார். மூன்று டிரைவரும் படபடவென்று வெடித்துப் புகைந்தன.

மொட்டைத் தலையோடு திரும்பி வந்த தறிக்காரர் சிங்காரம் எட்டிப் பார்த்தார். "இன்னா பாவா, ஊரே மலைமேல கற்பூரம் ஏத்துது, நீ வூட்டுக்குள்ளவே ஏத்திகினியா?"

ஜெரால்டும் சிரித்தார். சிங்காரம் போனதும், "எங்கியோ வயரை மாத்திக் குடுத்துட்டேன். கை நடுங்குதில்ல" என்றார். பிறகு அதே பேச்சுத்தான். பதினெட்டாம் நாள், வயரிங் படம் மடியில் இருக்க, இறந்துபோனார்.

தெருவில் சாவு விழுந்தால் எடுக்கும்வரை தறி ஓட்டமாட்டார்கள். சிங்காரமே வீடு வீடாகப் போய் நிறுத்திவிட்டு வந்தார். சவப்பெட்டிக்கு மேலே எரிந்த பல்பைப் பார்த்தேன். என்றுமில்லாத வெளிச்சம்.

எழுந்து உள்ளே போய் பிளக் பாயிண்டில் மீட்டரை வைத்தேன். இருநூற்று நாற்பத்து மூன்று வோல்ட். தறிகள் கரண்டை இழுத்துக்கொண்டிருக்கும் நாட்களில் எங்கள் வீட்டுக்கு வருவது வெறும் இருநூறு. நான் அளந்ததெல்லாம் அந்த நாட்களில். கிருத்திகையன்று தறி நின்றதும் என் எழுபத்திரண்டு எண்பத்தேழாக ஏறியிருக்கிறது. அவர் ஒரு வயரைக்கூட மாற்றிக் கொடுக்கவில்லை.

திரும்பி வந்து அவர் காதருகே குனிந்தேன். "எண்பத்தேழுங்க. தப்பு என்னுது. எண்பத்தேழு."

"இன்னாம்மா எண்பத்தேழு? அவருக்கு நாப்பத்தாறு தான ஆவுது" என்று சிங்காரம் என் தோளைப் பிடித்துத் தூக்கினார். "ஃபாதர் வந்துட்டாரும்மா."

பெட்டி தெருமுனை திரும்புமுன்பே பின்னால் ஒரு தறி ஓடத் தொடங்கியது.