பெரணிக்குச் சொத்தை

பல் டாக்டரின் மனைவிக்குத் தொட்டிச் செடி என்றால் உயிர். கிளினிக் வரவேற்பறையில் இருந்த மீன்தொட்டி அவருடைய ராஜ்ஜியம். அதில் புதிதாக ஒரு நீர்ப்பெரணி சேர்ந்திருந்தது. ஒல்லி ஒல்லியான நீண்ட இலைகள், அப்போதுதான் தலைவாரி விட்டதுபோல் இருக்கும். தங்கைக்குப் பிரசவம் என்று ஊருக்குக் கிளம்பியவர், அதைக் கணவரிடம் ஒப்படைத்தார்.

"இங்க பாருங்க, இதை மண்ணுல புதைக்கக் கூடாது. தண்டு அழுகிடும். கட்டையில கட்டினபடியே இருக்கட்டும். வெளிச்சமும் கொஞ்சம் போதும். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்."

ஒன்றும் பண்ணாமல் இருப்பதுதான் டாக்டருக்கு வராத வித்தை. ஒருநாள் கையை விட்டு இலையைத் திருப்பிப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள்!

"சொத்தை!" என்றார்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த பேருந்து ஓட்டுநர் பதறிப்போனார். "எனக்கா டாக்டர்?"

"உங்களுக்கும்தான். கொஞ்சம் பொறுங்க, இது அவசரம்."

செடியைக் கட்டையோடு தூக்கி வந்து நோயாளி நாற்காலியில் கிடத்தினார். விளக்கை இழுத்து, கொக்கி ஊசியால் புள்ளிகளைச் சுரண்டினார். தேறாது என்று தோன்றிய இலைகளைப் பிடுங்கினார். தூக்கியெறிய மனம் வராமல் அவற்றைத் தொட்டியிலேயே மிதக்கவிட்டார். சிகிச்சையில் கட்டு அவிழ்ந்துபோக, பல்லிடுக்கு நூலால் கட்டினார். மீனுக்கு ஒத்துக்கொள்ளாதே என்று புதினா வாசமில்லாத நூலாகத் தேடி எடுத்தார். இத்தனை நேரமும் ஓட்டுநர் வாயைப் பிளந்தபடி நின்றிருந்தார்.

மாலையில் மனைவியிடம் போனில் பெருமையாகச் சொன்னார்.

"ஐயோ, அது சொத்தை இல்லங்க! பெரணிக்கு விதை கிடையாது. அந்தப் புள்ளியில இருக்கிற தூள்தான் விதை மாதிரி. நல்லா இருக்கிற செடிக்கே வைத்தியம் பார்த்திருக்கீங்க!"

அன்றிலிருந்து டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை. தொட்டிப் பக்கமே தலைவைக்காமல் சுவரோரமாக நடந்தார்.

ஊரிலிருந்து திரும்பிய மனைவி, பையைக்கூட இறக்காமல் தொட்டிக்குள் குனிந்தார். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். திட்டு விழவில்லை. மிதந்த இலைகளின் நுனியில் எல்லாம் குட்டிக் குட்டிச் செடிகள், பொடி வேர்களோடு முளைத்திருந்தன.

"பிடுங்கின இலையிலயும் முளைக்குமா?"

"இந்தச் செடிக்கு முளைக்கும்."

டாக்டருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "பார்த்தியா என் கைராசி?"

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, தொட்டியின் மூடியைச் சாத்தினார். "இனிமே இந்தத் தொட்டியில பல் வலின்னு எந்த மீனாவது வந்து சொன்னா மட்டும் நீங்க கைவைங்க."


டாக்டர் தலையாட்டிவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிடப் போனார்.