ஜன்னலை மறைத்த விறகு

மடமடவென்று சரிந்தது விறகுக் குவியல்.

உருண்டு வந்த ஒரு துண்டு கணுக்காலில் இடித்த பிறகுதான் விறகுக்காரர் திரும்பிப் பார்த்தார். விறகு பிளக்கும் என்ஜின் போட்ட இரைச்சலில் சரிந்த சத்தம் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "சனியனே!" என்று குவியலைத் திட்டிவிட்டு என்ஜினை நிறுத்தினார்.

அப்போதுதான் தெரிந்தது. சரிந்த விறகுக்குப் பின்னால் வீட்டு ஜன்னல். அதற்கு மேலே சிவப்பு பல்பு. எரிந்துகொண்டிருந்தது.

விறகின் மேலேயே ஏறி ஓடினார். வழுக்கி விழுந்து, எழுந்து, முழங்கால் சிராய்த்ததுகூடத் தெரியாமல் அறைக்குள் நுழைந்தார்.

மனைவி கட்டிலில் கிடந்தாள். கட்டில் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த சுவிட்சுக்குப் பக்கத்தில் அவளுடைய நல்ல கை. கண்கள் ஜன்னல் பக்கம் திறந்திருந்தன.

"ஏய்... இங்க பாரு. வந்துட்டேன். என்ன வேணும் சொல்லு."

அவளுக்கு இனி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் வந்தார். வந்தவர் கையைப் பிடித்துப் பார்த்தார், கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். முன்பு ஒரு பக்கத்தை முடக்கிப் போட்டதே, அதே வாதம்தான் இரண்டாம் முறை வந்து ஆளையே கொண்டுபோய்விட்டது என்றார்.

"பக்கத்துலயே இருந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுங்க."

"அவ கூப்பிட்டிருக்கா டாக்டர்" என்றார் விறகுக்காரர். "பல்பு எரிஞ்சுது."

டாக்டர் பையை மூடினார்.

வீட்டுக்குப் பின்னாலேயேதான் விறகுக்கடை. லாரியில் வந்து இறங்கும் மரங்களைப் பிளந்து கொடுப்பது வேலை. வாங்குவது பெரும்பாலும் ரொட்டிக்காரர். மனைவி படுத்த படுக்கையான பிறகு, அவள் கட்டிலை ஜன்னல் ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு, ஜன்னலுக்கு நேரே முற்றத்தில் அடிக்கட்டையை வைத்துக்கொண்டு கோடாலியால் பிளந்தார். ஒரு வெட்டு. பிளந்ததைக் காலால் தள்ளிவிட்டு அடுத்த கட்டையை எடுத்து நிறுத்துவார். அந்த இடைவெளியில் இருவரும் பேசிக்கொள்வார்கள்.

"தண்ணி கொண்டாரவா?"

"வேணாம். நீங்க அந்தக் கட்டைய வெட்டுறீங்களா, இல்ல அது உங்கள வெட்டுதா? ரொம்ப நேரமா ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

"கணு இருக்குடி. உன் தம்பி மண்டை மாதிரி."

"என் தம்பியச் சொல்லலேன்னா உங்களுக்குச் சோறு செரிக்காது."

அந்தத் தம்பி ஒரு மோட்டார் மெக்கானிக். வாய் ஓயாது என்பதால் எல்லோருக்கும் அவன் ரேடியோ. ஒருநாள் வண்டியில் எதையோ ஏற்றிக்கொண்டு வந்து முற்றத்தில் இறக்கினான். பழைய என்ஜினை வைத்து அவனே கட்டிய விறகு பிளக்கும் மெஷின். கட்டையைப் படுக்க வைத்துக் கைப்பிடியை அழுத்தினால், எதிரே இருக்கும் இரும்பு ஆப்பில் கட்டை போய் முட்டிப் பிளந்துவிடும்.

"அத்தான், இனிமே கோடாலிக்கு ரிட்டயர்மெண்ட். நீங்க சும்மா கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு மகாராஜா மாதிரி நிக்கலாம்."

"எடுத்துட்டுப் போடா. இந்த இரைச்சல்ல உங்க அக்கா கூப்பிட்டா எனக்கு எப்படிக் கேக்கும்?"

"அதுக்கும் வழி வச்சிருக்கேன்" என்று பையிலிருந்து பல்பையும் ஒயரையும் எடுத்தான் ரேடியோ.

விறகுக்காரர் ஜன்னலைப் பார்த்தார். மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வச்சுப் பாருங்களேன். கொஞ்ச நாளு என் வாயிலேருந்து தப்பிச்சுக்குங்க."

அவளே சொன்ன பிறகு அவர் மறுக்கவில்லை. ஆரம்பத்தில் பல்பு அடிக்கடி எரிந்தது. என்ஜினை நிறுத்திவிட்டு ஓடினால், "சும்மாதான், எரியுதான்னு பார்த்தேன்" என்பாள். அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

மெஷின் வேகத்தை எல்லோரும் நினைத்துப் பார்த்தார்கள். குவியலை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கையால் பிளந்த காலத்தில், விறகு இடுப்பளவு உயர்வதற்குள் ரொட்டிக்காரரின் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் பழக்கப்படி ஜன்னல் பக்கமே தள்ளினார். மெஷினோ காலையிலேயே ஆள் உயரத்துக்குப் பிளந்து தள்ளியது. அவள் போன அன்று ரொட்டிக்காரரின் வண்டி வரத் தாமதம். விறகு ஜன்னலை மூடியது. அப்புறம் பல்பையும் மூடியது. அவரும் கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருந்தார்.

காரியமெல்லாம் முடிந்து உறவுகள் கலைந்தபோது, ரேடியோ மட்டும் வாசலில் நின்றான். அக்கா போனதிலிருந்து அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

"மெஷின எடுத்துக்க" என்றார் விறகுக்காரர். "நீயும் இனிமே இந்தப் படி ஏறாத."

"அத்தான்..."

"உன் அக்காவோட வாயை அடைச்சது நீ. என் காதை அடைச்சதும் நீ. போயிடு."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். மறுநாள் அவன் பட்டறை ஆட்கள் வந்து மெஷினை ஏற்றிப் போனார்கள்.

விறகுக்காரர் மறுபடியும் கோடாலியை எடுத்தார். வலது தோள் எப்போதோ பழுதானது. மெஷின் வந்த பிறகு அதற்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்திருந்தது. இப்போது அதற்கும் சேர்த்து வேலை வாங்கினார். ரொட்டிக்காரரே வந்து, "மெதுவாப் பண்ணுங்க, நான் வேற இடத்துலயும் கொஞ்சம் வாங்கிக்கிறேன்" என்றார். கேட்கவில்லை. சாப்பிட மறந்து வெட்டினார். தோள் வலித்தால் வலிக்கட்டும். அவள் ஜன்னலைப் பார்த்துக் கிடந்தாளே, அதைவிடவா?

கடைசியில் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாதான் ரேடியோவின் பட்டறைக்கே போனாள்.

"தம்பி, உங்க அத்தான் சட்டையைக் கொண்டுவந்து குடுத்து, கையை அக்குள் வரைக்கும் பிரிச்சு அகலமாத் தைச்சுத் தரச் சொல்றாரு. ஏன்னு கேட்டா, கை மேல போக மாட்டேங்குதாம். சட்டை போட முடியாத கையால கோடாலி தூக்குறாரு. எனக்குப் பயமா இருக்கு. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன இருந்தாலும், இப்ப அவருக்கு உங்கள விட்டா ஆள் ஏது?"

ரேடியோ கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு கிளம்பினான்.

அவன் உள்ளே வருவதைப் பார்த்தும் விறகுக்காரர் பார்க்காதது போல அடுத்த கட்டையை நிறுத்தினார்.

"அத்தான், கோடாலியக் கொடுங்க."

"வராதன்னு சொன்னேன்."

"திட்டணும்னா திட்டுங்க. அடிக்கணும்னா அடிங்க. இந்தத் தோளை வச்சுக்கிட்டு இது வேணாம். கையே விளங்காமப் போயிடும்."

"போகட்டும். நான் கையால வெட்டின வரைக்கும் அவ ஒரு குரல் கொடுத்தா எனக்குக் கேட்டுச்சு. நீ வந்த, உன் மெஷினு வந்துச்சு, அவ குரல் போச்சு. உனக்கு உன் மூளையக் காட்டணும், உன் சாமர்த்தியத்தைக் காட்டணும். அதுக்கு என் வீடுதான் கிடைச்சுதா?"

ரேடியோ பல்லைக் கடித்துக்கொண்டான்.

"ஏன், இப்ப மட்டும் ஊமையாயிட்டியா? சொல்லேன்டா! யாரு கேட்டா உன்கிட்ட மெஷினு?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் கோடாலியை ஓங்கினார். தோள் பாதியில் இழுத்துப் பிடித்தது. அதையும் மீறித் தூக்கினார். அடி இறங்கியபோது அவர் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வெளிவந்தது. அடிபட்ட விலங்கு ஒன்று ஆள் பார்க்காத இடத்தில் முனகுவது போல. கட்டை பிளக்கவில்லை. மறுபடி ஓங்கினார். மறுபடி அதே முனகல்.

ரேடியோ அப்படியே நின்றுவிட்டான்.

"அத்தான்... இப்ப ஒரு சத்தம் போட்டீங்களே. உங்களுக்குக் கேட்டுச்சா?"

"என்ன சத்தம்? கோடாலிச் சத்தம்."

"இல்ல. உங்க சத்தம். வெட்டுக்கு வெட்டு வருதே, அது."

"நான் எங்கடா சத்தம் போட்டேன்?"

ரேடியோவுக்கு அடக்க முடியவில்லை. முகத்தைப் புறங்கையால் அழுத்தித் துடைத்தான்.

"சொல்லக் கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கியிருந்தா அத்தான்... நாளெல்லாம் அவரு முனகுறதக் கேட்டுக்கிட்டு என்னால படுத்துக் கிடக்க முடியலடா, அது என் காதுல விழாம இருக்க ஏதாவது பண்ணுன்னு, அக்காதான் என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதா."