முன்கயிறு

கையைத் தின்ற முதலையைப் பவானி எப்போதோ மன்னித்துவிட்டாள். அதற்குப் பசித்தது, கடித்தது. முதலை இருக்கிற ஆறு என்று தெரிந்தே புல்லுக்கட்டை அலச இறங்கியது இவள்தான். அவளால் மன்னிக்க முடியாமல் போனது கட்டிய புருஷன் தேவநாதனை.

குமராட்சிப் பக்கம் யாரைக் கேட்டாலும் அந்தக் கதையைச் சொல்வார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் பழைய கொள்ளிடத்தில் ஒரு முதலை பவானியின் இடது கையைக் கவ்வி இழுத்தது. தேவநாதன் தண்ணீரில் பாய்ந்து, அதன் கண்ணில் குத்தி, பெண்டாட்டியை மீட்டுத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். முழங்கைக்குக் கீழே கை போய்விட்டது, உயிர் தங்கிவிட்டது. சிதம்பரத்தில் உரக்கடை வைத்திருக்கும் அவனுடைய தாய்மாமன் சுப்பிரமணியன் ஆஸ்பத்திரி வார்டுக்கே வந்து சால்வை போர்த்தினார். மறுநாள் பஸ் ஸ்டாப்பில் பிளெக்ஸ் எழுந்தது. ‘முதலையை வென்ற மாவீரன்’ என்ற எழுத்துக்குக் கீழே தேவநாதன் பெரிதாகச் சிரித்தான். மூலையில் மாமா கும்பிட்டுக்கொண்டு நின்றார். பவானியின் படத்துக்கு இடம் பற்றவில்லை.

நடந்தது வேறு. முதலை கவ்வியதும் பவானி திரும்பிப் பார்த்தபோது தெரிந்தது, புல்லறுக்கக் கூட வந்த புருஷன் கரையேறி ஓடும் உள்ளங்கால்கள். வலது கையில் அரிவாள் இருந்ததால் அவள் பிழைத்தாள். கண்ணோ மூக்கோ, பட்ட இடத்தில் கொத்தினாள். அது விட்டது. சேற்றில் தவழ்ந்து வந்து கரையில் விழுந்த பிறகுதான் தேவநாதன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தான். தூக்கிச் சுமந்தவன் அவன், சட்டையெல்லாம் ரத்தம். பார்த்தவர்கள் மீதியை அவர்களாகவே சேர்த்துக்கொண்டார்கள். டிவிக்காரர் வந்து, "நீங்கதான முதலைகிட்டேருந்து காப்பாத்துனது?" என்று மைக்கை நீட்டியபோது அவன் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். மயக்கம் தெளிந்து கட்டிலில் கிடந்த பவானி அந்தத் தலையாட்டலைப் பார்த்தாள்.

அன்றே சொல்லியிருக்கலாம். கை போன வேதனையில் உளறுகிறாள் என்றிருப்பார்கள். அதற்கப்புறம் தெருவில் போனால் ஒருத்தி, ரேஷன் கடைக்குப் போனால் ஒருத்தி, "உன் வூட்டுக்காரரு மட்டும் இல்லன்னா நீ ஆத்தோட போயிருப்ப" என்பாள். பவானி பல்லைக் கடித்துக்கொண்டு ஆமாம் போடுவாள். வீட்டில் அவன் அவளுக்குத் தலை பின்னிவிட்டான், ரவிக்கைக்கு ஊக்கு மாட்டிவிட்டான், தேங்காய் துருவிக் கொடுத்தான். நல்லவன்தான். அதுதான் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு தடவை, ‘பயந்து ஓடிட்டேன்’ என்று அவன் வாயால் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. கேட்டு வாங்குவதில் என்ன பெருமை என்று அவளும் கேட்கவில்லை. இனி சொன்னால் நாலு பேர் நடுவில்தான் சொல்ல வேண்டும், சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தாள்.

அதற்கு வழி இந்தச் சித்திரையில் வந்தது. ஆறு வற்றி அங்கங்கே மடுவாகக் கிடந்தது. தண்ணீர் போதாத ஒரு முதலை கரையைத் தாண்டி சுப்பிரமணியன் மாமாவின் மீன் குட்டைக்கு வந்து குடியேறிவிட்டது. விரால், கெண்டை என்று பார்க்காமல் தின்று தீர்த்தது. சேதி கேட்டதும் பவானியின் தம்பி அன்பரசு கடலூர் முதுநகரிலிருந்து பைக்கில் பறந்து வந்தான். அங்கே துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் கம்பெனியில் அவனுக்கு வேலை. கூடவே, கடலுக்குப் போகிற சிநேகிதன் மரிய அருளையும் கூட்டி வந்திருந்தான். எல்லாரும் சிதம்பரத்தில் மாமாவின் கடைக்குப் பின்னால், யூரியா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசினார்கள்.

"எங்கக்கா கையத் தின்னது அதுதான். அத உசுரோட வுடுறதா?" என்றான் அன்பரசு.

"பாரஸ்ட்டுக்குச் சொல்லிடலாமே மச்சான்," என்றான் தேவநாதன். "கூண்டு கொண்டாந்து புடிச்சிட்டுப் போயிடுவாங்க. நாம கைய வச்சா ஜாமீன் கூட கெடைக்காதுன்றாங்க."

மாமா சிரித்தார். "ஆத்துல கெடந்தா அது கவர்மெண்டு முதலை. என் குட்டைக்கி வந்து என் மீன தின்னுதுல்ல? அந்த எடம் என் பேர்ல பட்டா. சுத்தி வேலி போட்டிருக்கேன். உள்ள வந்துட்டா அது என் முதலை. எவன் கேக்கறது?"

பட்டா வாங்கினால் முதலையும் சேர்ந்து சொந்தமாகிவிடும் என்கிற சட்ட அறிவு நம் பக்கத்து ஆட்களுக்கு மட்டும்தான் உண்டு. ஆனால் அந்தக் கடையில் அதை மறுத்துப் பேச ஆளில்லை. தேவநாதன் மட்டும் பவானியைப் பார்த்தான்.

"கூண்டுல புடிச்சி வேற ஏரியில வுடுவாங்க," என்றாள் பவானி. "வெள்ளம் வந்தா திரும்பி வரும். கை போனது எனக்கு. கூண்டெல்லாம் வாணாம்."

அதற்கு மேல் யார் பேசுவது? எப்படி அடிப்பது என்பதுதான் மிச்சம். துப்பாக்கி என்றால் சத்தம் கேட்கும், அது இல்லை. மரிய அருள் பையைத் திறந்து ஒரு சுறாத் தூண்டிலை எடுத்து மூட்டைமேல் வைத்தான். விரல் தடிமனில் இரும்புக் கொக்கி, அதிலிருந்து ஒரு சங்கிலி, சங்கிலியோடு சேர்த்துக் கட்ட நைலான் கயிறு.

"முழுக் கோழிய குத்திப் போட்டா முழுங்கும்," என்றான். "ஆனா கயித்த மரத்துல கட்டக் கூடாதுண்ணே. கட்டுனா இழுக்கற இழுப்புல வாய் கிழிஞ்சி கொக்கி கழண்டுடும். நாங்க கையிலதான் வச்சி ஆட்டம் காட்டுவோம். அது இழுத்தா வுடணும், சோந்தா இழுக்கணும். முன்கயித்துல நிக்கிறவருக்குத்தான் வேல ஜாஸ்தி. ஒன்னே ஒன்னு, கயித்த கையில சுத்திக்கக் கூடாது. சுத்துனா கையோட போயிடும்."

கடலில் ஊறினவன் சொல்லும்போது சரியாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். முதலை சுறா இல்லை என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

"முன்கயித்துல நானே நிக்கிறேன்," என்று அன்பரசு சட்டைக் கையை மடித்தான்.

"நீ எதுக்கு?" என்றாள் பவானி. குரலைத் தேன் மாதிரி வைத்துக்கொண்டாள். "முதலைய ஒரு தடவ ஜெயிச்சவரு நம்மகிட்ட ஒருத்தருதான் இருக்காரு."

எல்லாருடைய கண்ணும் தேவநாதன்மேல் போய் நின்றது. மாமா அவன் முதுகில் தட்டினார். அன்பரசுக்குச் சந்தோஷம், அக்கா புருஷனை அவன் தெய்வமாகக் கும்பிடுகிறவன். தேவநாதன் பவானியின் முகத்தையே பார்த்தான். அவள் பார்வையை விலக்கவில்லை. அவன் ஏதோ சொல்ல வந்து, கடைசியில் "சரி" என்றான்.

"அவரு பின்னாலயே ரெண்டாவதா நான் நிக்கிறேன்," என்றாள் பவானி.

"ஒரு கைய வச்சிக்கிட்டா, அக்கா?" என்றான் அன்பரசு.

"ஒரு கை போதும்டா. எனக்குப் பக்கத்துல இருந்து பாக்கணும்."

முதலை சாவதைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்தார்கள். அவள் பார்க்க நினைத்தது அதை அல்ல. அவன் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடப் போகிறான். தம்பி பார்ப்பான், சால்வை போட்ட மாமா பார்ப்பார். அப்போது நின்ற இடத்திலிருந்தே சத்தமாக, ‘அன்னைக்கும் இப்படித்தான் ஓடுனாரு’ என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வரியை அவள் சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் சில நாள் இரை போட்டுப் பழக்கினார்கள். கறிக்கடையிலிருந்து கோழிக் கழிவை வாளியில் வாங்கி, தேவநாதனே டிவிஎஸ்ஸில் கொண்டுபோய்க் குட்டையில் கொட்டிவிட்டு வந்தான். வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பான். பவானி இன்னொரு துண்டு மீனை எடுத்துத் தட்டில் போடுவாள்.

"நல்லா சாப்புடுங்க. முன்கயிறுன்னா தெம்பு வேணும்."

"பவானி, இது தேவையா?"

"ஏன், பயமா இருக்குதா?"

இதோ, இப்போது சொல்லிவிடுவான் என்று ஒரு கணம் அவள் கை நின்றது. அவன், "அதெல்லாம் இல்ல" என்று எழுந்து கை கழுவப் போனான். பவானிக்குக் கோபம் தலைக்கேறியது. கூடவே ஒரு திருப்தியும் இருந்தது, மறைப்பானேன். இந்த மூன்று வருஷத்தில் அவள் நிம்மதியாகத் தூங்கியது அந்த நாட்களில்தான்.

குறித்த நாளில் வெயில் ஏறுவதற்கு முன்பே குட்டைக்குப் போய்விட்டார்கள். மாமா கரைமேல் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கீழே சேற்றில் முன்னால் தேவநாதன், அவன் முதுகுக்குப் பின்னால் பவானி, அடுத்து அன்பரசு. கயிற்றின் கடைசியில் இடுப்பில் கத்தி செருகிய மரிய அருள். கோழி குட்டை நடுவில் மிதந்தது. பவானி அதைப் பார்க்கவே இல்லை. புருஷனின் பிடரியையும் கால்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தது அவளுக்குத் தெரிந்தது. வைக்கட்டும் என்று நினைத்தாள்.

கோழி சத்தமில்லாமல் உள்ளே போனது. கயிறு ஓடத் தொடங்கியது.

"வுடு, வுடு," என்றான் மரிய அருள். "இப்ப இழு. நிதானமா."

கொஞ்ச நேரம் எல்லாம் கடலில் நடப்பதுபோலவே நடந்தது. அது இழுத்தால் விட்டார்கள், தளர்ந்தால் இழுத்தார்கள். மாமா மேலேயிருந்து, "அப்படித்தான் மாப்ள" என்று குரல் கொடுத்தார். கயிறு தளர்ந்துகொண்டே வந்தது. சோர்ந்துவிட்டது என்று நினைத்து நாலு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். அது சோரவில்லை, கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. தேவநாதனுக்கு ஒரு ஆள் தூரத்தில் தண்ணீர் பிளந்து வாய் திறந்தது. மறு கணம் முதலை கயிற்றோடு சேர்த்து உருளத் தொடங்கியது. எந்தச் சுறாவும் அப்படி உருண்டதில்லை.

பவானிக்குத் தெரிந்தது அந்த வாய் மட்டும்தான். இல்லாத இடது கை விரல் நுனிவரை வலித்தது.

அடுத்து அவளுக்கு நினைவு வந்தபோது குட்டை கீழே கிடந்தது. அவள் கரைமேல், கவிழ்ந்து கிடந்த நாற்காலிக்கும் அப்பால், வேலிக்கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் கயிறு இல்லை. எப்போது விட்டாள், எப்படி ஏறினாள், ஒன்றும் தெரியாது. மாமா வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டிருந்தார்.

கீழே தேவநாதன் இடுப்பளவு தண்ணீரில் இருந்தான். ஓடவில்லை. வலது கை நீட்டி விறைத்திருந்தது. கயிறு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. முதலை உருள உருள அவன் அடி அடியாக உள்ளே போனான். அன்பரசு அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துப் பின்னால் சாய்ந்தான். மரிய அருள் பாய்ந்து கத்தியை வைத்து அறுத்தான். கயிறு அறுந்ததும் மூன்று பேரும் சேற்றில் மல்லாந்து விழுந்தார்கள். முதலை கொக்கியையும் சங்கிலியையும் இழுத்துக்கொண்டு அக்கரைக் கோரைக்குள் போய் மறைந்தது.

மூச்சு வந்ததும் மரிய அருள் கத்தினான். "கையில சுத்தாதன்னு சொன்னேனா இல்லயாண்ணே? ஏன் சுத்துனீங்க?"

தேவநாதன் தோல் உரிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சுத்தலன்னா ஓடிருப்பேன்," என்றான்.

"நீங்களா?" அன்பரசு சிரித்தே விட்டான். "வெளையாடாதீங்க மாமா. அன்னைக்கி நீங்க..."

"அன்னைக்கி ஓடிட்டேன்டா. அவள தண்ணியில வுட்டுட்டு கரையேறி ஓடிட்டேன். அவளாதான் தப்பிச்சி வந்தா. நான் தூக்கிட்டு மட்டும்தான் வந்தேன்."

அன்பரசுவின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. வேலிக்கு அப்பால் மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மரிய அருள் கத்தியை இடுப்பில் செருகினான். மூன்று வருஷமாக எந்தச் சொல்லுக்காகப் பவானி இத்தனையும் செய்தாளோ, அந்தச் சொல் நாலு பேர் நடுவில் வந்து விழுந்துவிட்டது. ஆனால் அதைக் கேட்கும்போது அவள் நின்றிருந்த இடம் கரைமேல். தயார் செய்து வைத்திருந்த வரியை எடுக்க வாய் வரவில்லை. அவமானமாக இருந்தது, அவன்மேல் ஆத்திரமாகவும் இருந்தது. இதைச் சொல்ல அவனுக்கு ஒரு கை தோல் உரிய வேண்டியிருந்தது என்று வயிறு எரிந்தது.

அவள் மெல்ல இறங்கி வந்தாள்.

"அக்கா, உனக்குத் தெரியுமா இது?" என்றான் அன்பரசு.

"தெரியும்," என்றாள். பிறகு, "நான் எங்கேருந்து எறங்கி வரேன்னு பாத்தல்ல? அதையும் தெரிஞ்சிக்க," என்றாள்.

தேவநாதன் அண்ணாந்து பார்த்தான். அவள் அவன் இடுப்பில் கட்டியிருந்த துண்டை உருவி, பல்லால் கடித்துக் கிழித்து, அவன் கைமேல் சுற்றினாள். முடிச்சுப் போட அவளுக்கு இருந்தது ஒரு கை, அவனுக்கும் அப்போது ஒரு கைதான். ஒரு முனையை அவள் பிடித்தாள், மறு முனையை அவன் பிடித்தான். வலிக்கட்டும் என்றே அவள் இறுக்கி இழுத்தாள்.