அடிவரை இறங்கிய சூடு

புளித்தண்ணீரில் போட்டால் இந்த நிறம் போய்விடும். கால் மணித்தியாலம் போதும். அதற்குப் பிறகு இது கெட்டது என்று என் கண்ணுக்குக்கூடத் தெரியாது. அதுதான் பயமாயிருக்கிறது.

புளோறன்ஸின் மடியில் இருந்த சுளகில் இருபது பித்தளைத் தோட்டாக் கோதுகள் கிடந்தன. எல்லாம் பட்டாளத்தார் சுட்டுப் போட்டவை. உலக யுத்தம் முடிந்து ஒரு வருடமாகியும் தோட்டத்துத் துரையின் பழைய மான்லிக்கர் துவக்குக்குச் சீமையிலிருந்து தோட்டா வரவில்லை. அக்காவின் புருஷன் சந்தியாப்பிள்ளை பட்டாளக் கோதுகளை அச்சில் இறுக்கி, வாயை ஒடுக்கி, நீளத்தை அராவி, அந்தத் துவக்குக்குப் பொருந்தச் செய்வார். கொட்டாஞ்சேனையில் இதற்கு வேறு ஆள் இல்லை.

அச்சில் இறுகிய வாய் சீக்கிரம் பிளந்துவிடும். ஆகவே அந்த இடத்தை மட்டும் நெருப்பில் காட்டி இளக்க வேண்டும். அடிப்பக்கம் இளகக் கூடாது. மருந்து வெடிக்கும்போது தாங்குவது அதுதான். அது தாங்காவிட்டால் நெருப்பு சுடுகிறவன் முகத்துக்கே திரும்பும். கோதுகளைத் தட்டில் நிறுத்தி, பாதி உயரத்துக்குத் தண்ணீர் விட்ட பிறகே அத்தான் ஊதுவிளக்கின் நெருப்பைப் பிடிப்பார். இன்று தட்டில் சின்ன ஓட்டை. தண்ணீர் வடிந்துபோனதை அவர் கவனிக்கவில்லை. நீலமும் தவிட்டு நிறமுமாகச் சூடு அடிவிளிம்பு வரை இறங்கியிருந்தது.

"புளி கரைச்சாச்சோ?" அத்தான் வாசலில் நின்று கேட்டார்.

"ஓம்."

"பின்னப் போடன். மருந்து ஏத்த எனக்கு ஒரு மணித்தியாலம் வேணும். துரை அனுப்பின அந்தாள் ஆறு மணிக் கோச்சியைப் பிடிக்கோணும்."

"அத்தான், அடி இளகிப் போச்சு."

"கண்டனான். மருந்தைக் குறைச்சுப் போடுறன்."

"போன மாசம் இப்பிடி ஒண்டை நீங்கள்தானே தூக்கி எறிஞ்சனீங்கள்?"

"அது ஒண்டு. இது இருவது. வேற கோது எங்க கிடக்கு? நிறத்தோட போனா துரை கண்டிடுவார். பிறகு இந்த வாசலுக்கு ஆள் அனுப்புவாரோ?"

அக்கா மேபல் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தாள். "இவவென்ன, பட்டாளத்தில கேணலோ? வெள்ளவத்தைப் பெரியம்மாவுக்கு இராவில துணைக்குப் படுக்க இவவை அனுப்பச் சொல்லி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கினம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "இந்தா, அந்தாளுக்குக் குடுத்திட்டு வா."

அப்பா இறந்த பிறகு, ஏதாவது சரிவரும்வரை என்று ஒரு ட்ரங்குப் பெட்டியோடு வந்தவள் புளோறன்ஸ். பதினொரு வருடமாயிற்று. ஒன்றும் சரிவரவில்லை. அவள் கட்டில் இந்தப் பட்டறை அறையில், அச்சு யந்திரத்துக்கும் சுவருக்கும் இடையில். புரண்டு படுத்தால் முழங்கை இரும்பில் இடிக்கும்.

முன்னறையில் தோட்டத்துக் காவல்காரன் சங்கிலி கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"துரைதான் சுடுவாரோ?" என்று கேட்டாள்.

"அவருக்கு ஏதும்மா நேரம்? பன்னி வந்து தேயிலக் கன்னெல்லாம் கெளறிப்புடுது. நாந்தான் சுடுவேன். ஒன் மூஞ்சியப் பாத்தாலே பன்னி ஓடிரும், துப்பாக்கி எதுக்குன்னு பொண்டாட்டி கேக்குறா." குடையைத் தூக்கித் தோளில் வைத்துக் காட்டினான். "கன்னத்த இப்புடி ஒட்ட வச்சாத்தான் குறி தப்பாது."

குடைப்பிடி அவன் கண்ணுக்கு இரண்டு விரற்கடை தள்ளி இருந்தது.

சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். கோப்பையை மட்டும் நீட்டினாள். இந்த வீட்டில் விருந்தாளிகளிடம் கோப்பையைக் கொடுப்பதைத் தவிர வேறொன்றும் அவள் செய்ததில்லை. திரும்பி வந்து சுளகை மடியில் எடுத்து வைத்தாள்.

அத்தானே கழுவலாம். புளியும் சட்டியும் அவர் காலடியில்தான் இருக்கின்றன. ஆனாலும் தன் கையால் அதைச் செய்ய அவருக்கு முடியவில்லை. கெட்டது என்று தெரியாதவர் என்றால் எப்போதோ கழுவி முடித்திருப்பார். தெரிந்ததை என் கைக்குத் தள்ளிவிட்டு நிற்கிறார். இத்தனை வருடமும் எனக்குக் கொடுத்த இடம் இதுதானா? இதற்கு முன் எத்தனை இப்படி என் கையில் பளபளத்துப் போயின? எண்ணிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

"இன்னும் போடேல்லையோ?"

"கழுவமாட்டன் அத்தான்."

அவர் முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நடுவில் ஒரு சீலைத் திரைதான். அக்கா அடுப்படி நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

"அப்ப இஞ்ச தா," என்றார் தாழ்ந்த குரலில். "நான் போடுறன்."

அவர் கை நீண்டது. அவள் சுளகின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டாள். கோதுகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தமிட்டன.

"தரமாட்டன்," என்றாள், அவரைப் போலவே தாழ்ந்த குரலில்.