ஜெயத்தின் வாய்க் கம்பி

தேவிகாபுரத்தில் தங்கச்சிக்குப் பிரசவம் பார்த்துவிட்டு மூன்று மாதம் கழித்து ஆரணிக்குத் திரும்பினேன். என் வீட்டுக்காரர் பலராமன் தறியில் கல்யாணப் புடவை நெய்துகொண்டிருந்தார். நீளவாட்டுப் பாவு இழைகளுக்குக் குறுக்கே ஓடும் நாடாக் கட்டையில், ஜரிகை வெளியே வரும் இடத்தில் ஒரு கம்பி வளையம். எங்கேயோ பார்த்தது. கையில் எடுத்து முகர்ந்தேன். ஊத்தை நாற்றம்.

என் மகள் ஜெயத்தின் வாயில் இருந்த கம்பி அது.

போன வருஷம், ஏழு வயதில், அவளுக்குக் கீழ்க் கடைவாய்ப் பால்பல் சொத்தையாகிப் பிடுங்கினோம். வேலூர் பல் டாக்டரம்மா பக்கத்துப் பல்லில் வளையம் மாட்டி, காலி இடத்துக்குக் குறுக்கே இந்தக் கம்பியை வைத்தார். புதுப் பல் முளைக்கும்வரை கழற்றவே கூடாது, கழற்றினால் பின்பல் சாய்ந்து வந்து இடத்தை அடைத்துவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னார்.

"கொயந்த வாய்ல இருந்தத ஏங்க எடுத்தீங்க?"

"அறுந்த பாவு இழையப் பிணைக்கச் சொல்ல இவ பல்லால நூலக் கடிச்சா. கம்பில மாட்டிகினு இழையெல்லாம் அறுந்து போச்சி. பேஜாரா இருக்குதேன்னு குறடால புடுங்கிட்டேன். நாடாக் கண்ணும் ஒடஞ்சி கெடந்துச்சி. நல்ல கம்பி, வீணாக்குவானேன்?"

கழுவினீர்களா என்று கேட்டேன். வேட்டியில் துடைத்தாராம். வளையத்தின் இடுக்கில் கறுத்த அழுக்கு அப்படியே இருந்தது. அதன் வழியாக ஓடிய ஜரிகையை எவளோ ஒருத்தி மணவறையில் உடுத்தப் போகிறாள். த்தூ என்று வாசலில் துப்பினேன்.

ஜரிகையை அறுத்துக் கம்பியை எடுத்துக்கொண்டு, மறுநாள் ஜெயத்தோடு வேலூருக்குப் போனேன். டாக்டரம்மா மாட்டிப் பார்த்தார். கம்பி உட்காரவில்லை.

"பாதி எடம் போயிடுச்சிம்மா. புதுப் பல்லு நாக்குப் பக்கமாத்தான் வரும்."

"தாடை வளர வளர எடம் வுடாதுங்களா?"

"தாடை பின்னாலதாம்மா நீளும். இந்த எடம் பெருசாவாது."

பஸ்ஸில் ஜெயம் நாக்கால் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். ஓர் இழை அறுந்தாலும், பக்கத்து இழைகள் நகர்ந்துவிடும் என்று அதைப் பிணைக்காமல் ஒரு விரற்கடைகூட நெய்யாத மனுஷன் இவர். பெற்ற பெண்ணின் வாயில் மட்டும் எது நகர்ந்தாலும் பரவாயில்லை. நினைக்க நினைக்க அருவருப்பாக இருந்தது.

வீட்டில் நுழைந்ததும் அவர் தறியை விட்டு எழாமலே கேட்டார்.

"கம்பிய எடுத்தாந்தியா? ஜரிகை சிக்கிகினே போவுது."

ஜெயம் என் பின்னால் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து அந்த ஆள் மொண்டு கொடுக்கும் தண்ணீரைக்கூட நான் குடிப்பதில்லை.